தோட்டாக் கொழுப்பும் ஐயத்தின் நியாயமும்

துப்பாக்கிக்கு எந்த எண்ணெய் போடுவது என்பது பார்வைக்குப் பட்டறைக் கேள்விதான். இன்றைய கைத்துப்பாக்கிக்கு விடை சுலபம். மேற்பகுதி முன்னும் பின்னும் ஓடும் தடங்களில் துளித்துளியாக, குழல் உரசிப் பளபளக்கும் இடத்தில் இன்னொரு துளி. மிச்சத்தைத் துணியால் துடைத்துவிட வேண்டும். தாராளமாக ஊற்றினால் கரியும் தூசியும் அதிலேயே குழம்பி இயக்கத்தைக் கெடுக்கும். கருமருந்துத் துப்பாக்கிகளின் கதை வேறு. கருமருந்து எரிந்தால் அதன் எடையில் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே மிஞ்சும். அந்தக் கசடு குழலுக்குள் இறுகிவிட்டால் அடுத்த குண்டு உள்ளே இறங்க மறுக்கும். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் கசடு தார்போல் கெட்டியாகும். விலங்குக் கொழுப்பு, தாவர எண்ணெய், தேன்மெழுகு ஆகியவை அதை இளக்கி வைக்கும். 1851ஆம் ஆண்டுக் கோல்ட் மாதிரிச் சுழல்துப்பாக்கிகளை இன்றும் பொழுதுபோக்காகச் சுடுகிறவர்கள் ஒவ்வோர் அறையிலும் குண்டின்மேல் இப்படியொரு குழம்பைத் தடவி அடைக்கிறார்கள். ஓர் அறையின் தீ பக்கத்து அறைக்குத் தாவாமல் இருக்கவும் அது உதவும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஒருவர் ஆட்டுக் கொழுப்பில் மெழுகு கலப்பார், இன்னொருவர் ஆலிவ் எண்ணெயில் கலப்பார். துப்பாக்கி அவருடையது, கொழுப்பும் அவர் வாங்கியது. அதில் என்ன கலந்திருக்கிறது என்று அவரை மிரட்டிக் கேட்கவோ, கேட்காதே என்று அடக்கவோ ஆள் இல்லை.

1857இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளப் படைச் சிப்பாய்க்கு அந்த உரிமை இல்லாமல் போனபோதுதான் பட்டறைக் கேள்வி சமயக் கேள்வி ஆயிற்று. பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவிய தோட்டா என்ற கதையைப் பள்ளிப் பாடம் முதலே கேட்டுவருகிறோம். கேட்ட பிறகு பெரும்பாலும் இரண்டில் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறோம். ஒன்று, படிப்பறிவில்லாத சிப்பாய்களின் மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது. மற்றொன்று, அது வெறும் சாக்கு, கிளர்ச்சிக்கு உண்மையான காரணம் நிலமும் வரியும் அவத் ராஜ்யத்தின் இணைப்பும்தான் என்று நகர்ந்துவிடுவது. கொழுப்பு தடவிய தோட்டாக்களால் சாம்ராஜ்யங்கள் விழுவதில்லை என்ற கருத்தை டிஸ்ரேலி அந்த ஆண்டே பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் சொல்லிவிட்டார். அரசியல் வரலாறாக அவர் சொன்னதில் உண்மை உண்டு. ஆனால் இரண்டு பக்கமுமே கொழுப்பைப் பற்றிய சமயக் கேள்வியைக் கேள்வியாக மதிப்பதில்லை. தீட்டு என்பது பொருளில் இருக்கிறதா, அதைத் தொடுபவனின் அறிவில் இருக்கிறதா, அல்லது அதைச் செய்து கொடுத்தவன்மேல் அவனுக்குள்ள நம்பிக்கையில் இருக்கிறதா? மூன்றாவதில்தான் என்பது என் முடிவு. அது சரியென்றால், தடவியது சுத்தமான ஆட்டுக் கொழுப்பாகவே இருந்திருந்தாலும் சிப்பாயின் மறுப்பு நியாயமான சமய மறுப்புதான்.

எதைப் பற்றிய சண்டை என்பதை முதலில் கிட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு ரைஃபிளின் தோட்டாவுக்கு உலோகக் கூடு கிடையாது. காகிதத்தைச் சுருட்டிச் செய்த சிறு குழாய். ஒரு முனையில் சுமார் நாலரை கிராம் கருமருந்து, மறுமுனையில் ஈயக் குண்டு. குண்டு இருக்கும் முனையை உருக்கிய கொழுப்பும் தேன்மெழுகும் கலந்த குழம்பில் தோய்த்து எடுப்பார்கள். 0.577 அங்குலக் குழலின் உட்புறம் மூன்று வரிப்பள்ளங்கள் சுழன்று ஓடுகின்றன. வழுக்கல் இல்லாவிட்டால் சில குண்டுகளுக்குப் பிறகு இடிகோலால் எவ்வளவு குத்தினாலும் தோட்டா இறங்காது. சிப்பாய் ஒரு கையில் ரைஃபிளை நிறுத்திப் பிடித்துக்கொண்டு, மறுகையால் பையிலிருந்து தோட்டாவை எடுத்து, மருந்து இருக்கும் முனையைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழல்வாயில் கொட்டி, தோட்டாவைத் தலைகீழாக்கி, கொழுப்பு தடவிய முனையை உள்ளே செருகி இடிக்க வேண்டும். கவனித்தால், பல் படுவது மருந்து முனையில், கொழுப்பு இருப்பது குண்டு முனையில். வாயில் கொழுப்பு படவே படாது என்று காகிதத்தில் வரைந்து நிரூபித்துவிடலாம். ஆனால் தோட்டாக்கள் கட்டாக அடுக்கப்பட்டு, இடுப்புப் பையில், வட இந்திய வெயிலில் நாள் முழுக்கக் கிடப்பவை. கொழுப்பு இருந்த இடத்திலேயே இருக்குமா என்ற ஐயம் கம்பெனிக்கே இருந்தது. 1853இல் இங்கிலாந்திலிருந்து வந்த முதல் தோட்டாக்களைக் கல்கத்தா வில்லியம் கோட்டையிலும் கான்பூரிலும் ரங்கூனிலும் படைவீரர்களின் பைகளில் சுமக்கவிட்டு, தட்பவெப்பம் கொழுப்பை என்ன செய்கிறது என்று பார்த்தார்கள்.

அப்போதே ஒருவர் சரியான கேள்வியைக் கேட்டார். வங்காளப் படையின் அட்ஜுடன்ட் ஜெனரலாக இருந்த கர்னல் டக்கர் 1853 டிசம்பரில் ராணுவ வாரியத்துக்கு எழுதினார்: தடவியிருக்கும் கொழுப்பு சாதி உணர்வைப் புண்படுத்தாத வகையினது என்று தெரியவராத வரையில், இந்தத் தோட்டாக்களைச் சோதனைக்காகச் சுதேசிப் படைகளுக்குத் தரவேண்டாம். கடிதம் கோப்பில் தங்கிவிட்டது. 1856இல் ரைஃபிள்கள் வந்தன. தோட்டா செய்வது கல்கத்தாவிலேயே தொடங்கியது. கொழுப்பை ஒப்பந்தக்காரர் கொண்டுவந்து கொடுத்தார். 1857 ஜனவரியில் கேள்வி வெடித்தபோது, படைக்கலத் தலைமை அதிகாரி அபட்டிடம் விசாரித்தார்கள். வேண்டாத கொழுப்பு கலக்காமல் இருக்கத் தனி முன்னெச்சரிக்கை எதுவும் எடுக்கப்பட்டதாகத் தெரியவில்லை என்பதுதான் அவர் தந்த பதிலின் சாரம். பசுக் கொழுப்பு இருந்தது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. யாரும் கேட்டதில்லை, அதனால் யாருக்கும் தெரியாது. கவர்னர் ஜெனரல் கானிங்கே பிப்ரவரி தொடக்கத்தில் லண்டனுக்கு எழுதிய கடிதத்தில், கொழுப்பைப் பற்றிய குறை ஆதாரம் உள்ளதுதான் என்று ஒப்புக்கொண்டார். மூடநம்பிக்கைக் கட்சிக்கு இந்த இடமே போதும். சிப்பாய் கேட்டதற்கு உலகில் எவரிடமும் பதில் இல்லை என்று அரசின் கோப்பே சொல்கிறது.

பதில் தேடும் முயற்சிகள் பிறகு வேகமாகவே நடந்தன. அவை தோற்ற விதத்தில்தான் என் வாதத்துக்கான முக்கியச் சான்று இருக்கிறது. ஜனவரி 27இல், தோட்டாக்களைக் கொழுப்பின்றியே கொடுக்கலாம், கடைத்தெருவில் தாங்களே எண்ணெயும் மெழுகும் வாங்கிச் சிப்பாய்கள் தடவிக்கொள்ளட்டும் என்று உத்தரவு வந்தது. உடனே ஐயம் காகிதத்துக்குத் தாவியது. பாரக்பூரில் பிப்ரவரியில் நடந்த விசாரணையில், காகிதம் மெழுகுத்துணிபோல மினுங்குகிறது, எரித்தால் கொழுப்பு சேர்ந்ததுபோல் சீறுகிறது என்று சாட்சி சொன்னார்கள். ரசாயனப் பரிசோதகர் ஆராய்ந்து, காகிதத்தில் கொழுப்புச் சேர்க்கை இல்லை என்று அறிக்கை கொடுத்தார், யாரும் அசையவில்லை. பிறகு பயிற்சி முறையே மாறியது, பல்லால் கடிக்காமல் விரலால் கிழிக்கலாம் என்றார்கள். அதுவும் எடுபடவில்லை. பிப்ரவரி இறுதியில் பெர்ஹாம்பூரில் 19ஆம் படை மறுத்ததும், ஏப்ரல் 24இல் மீரட்டில் 3ஆம் குதிரைப் படையின் 90 பேரில் 85 பேர் மறுத்ததும் பழைய வகைத் தோட்டாக்களைத்தான். கொழுப்பு என்ற பொருள் அந்த இடங்களில் பிரச்சினையாகவே இல்லை. முன்பு ரைஃபிள் கம்பெனிகளில் ஆட்டுக் கொழுப்பும் மெழுகும் சிப்பாய்கள் சங்கடமின்றிப் பயன்படுத்தி வந்தவைதான் என்று அதிகாரிகளே சுட்டிக்காட்டினார்கள். அதே கை, அதே வகைக் கொழுப்பு. இடையில் கெட்டது கொடுத்தவன்மேல் இருந்த நம்பிக்கை.

இதைவிடக் கூர்மையான சான்று அம்பாலாவில் கிடைக்கிறது. அங்கே ரைஃபிள் பயிற்சிக்கு வந்திருந்த 36ஆம் படையின் இரண்டு கீழ்நிலை அதிகாரிகள், மார்ச் 19இல் தங்கள் சொந்தப் படையாட்கள் அங்கு வந்தபோது பார்க்கப் போனார்கள். தோட்டாவைத் தொட்டுக் கிறிஸ்தவர்கள் ஆகிவிட்டவர்கள் என்று சுபேதார் அவர்களை இழித்துப் பேசி ஒதுக்கினார். அந்த இருவருக்கும் தோட்டாவில் தப்பு ஏதுமில்லை என்று தெரியும். சில நாள் கழித்துத் தலைமைத் தளபதி ஆன்சன் நேரில் பேசியபோது, சுதேசி அதிகாரிகளும் அதையே சொன்னார்கள்: வதந்தியை நாங்கள் நம்பவில்லை, ஆயிரக்கணக்கானவர்கள் நம்புகிறார்கள்; ஊருக்குப் போனால் எங்களோடு யாரும் உட்கார்ந்து சாப்பிட மாட்டார்கள். ரசாயனம் சுத்தம் என்கிறது, மனச்சாட்சியும் சுத்தம் என்கிறது; ஆனாலும் அவர்கள் தீட்டுப்பட்டவர்கள். தனிமனித நம்பிக்கையை மட்டுமே சமயம் என்று எண்ணிப் பழகிய புராட்டஸ்டன்ட் அதிகாரிக்கு இது கோழைத்தனமாகவோ பாசாங்காகவோ தோன்றியிருக்கும். பந்தியில் இடம் பெறுவதும் இழப்பதுமாகச் சமயத்தை வாழ்கிறவனுக்கு அதில் முரண் எதுவும் இல்லை.

சமய மரபுகளே இதைப் பற்றி என்ன சொல்கின்றன? மனுவின் சாத்திரம் அறியாமல் செய்த பாவத்தையும் விரும்பிச் செய்ததையும் வேறாக வைத்துக் கழுவாய் சொல்கிறது. குர்ஆன் விலக்கிய உணவுகளின் பட்டியலோடு, விருப்பமின்றி நெருக்கடியில் உண்டவன்மேல் குற்றமில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறது. முற்றிலும் வேறு பொருளாக உருமாறிவிட்ட கொழுப்பு தூய்மையானதே என்று கொள்ளும் இஸ்லாமியச் சட்ட அறிஞர்களும் உண்டு. ஆக, தீட்டு வெறும் அணுக்களின் விவகாரம் என்று இந்த மரபுகளில் எதுவும் சொல்லவில்லை. ஆனால் நம் கேள்விக்கு மிக நெருங்கி வருவது பௌத்தத் துறவியரின் ஒழுக்க விதியான வினயம். பிச்சையாக வரும் இறைச்சி தனக்காகக் கொல்லப்பட்டது என்று துறவி பார்த்திருக்கக் கூடாது, கேட்டிருக்கக் கூடாது, ஐயப்பட்டிருக்கவும் கூடாது. மூன்றும் இல்லையென்றால்தான் ஏற்கலாம். மூன்றாவது நிபந்தனை வியப்பானது. ஐயம் அங்கே அறிவின் குறைபாடாகக் கருதப்படவில்லை. பொருளின் தூய்மையையே நிர்ணயிக்கும் ஒன்றாக, கண்ணுக்கும் காதுக்கும் சமமான இடத்தில் வைக்கப்படுகிறது. கம்பெனி அரசு முதல் இரண்டுக்கு மட்டும் பதில் வைத்திருந்தது: நீ பார்த்தாயா, நிரூபிக்க முடியுமா? சிப்பாய் நின்றது மூன்றாவதில்.

இந்த விதியின் பலவீனத்தை நம் ஊர் மரபு நன்றாகவே பிடித்தது. பார்க்கவில்லை, கேட்கவில்லை என்று தின்பவன் தப்பித்துக்கொள்ளலாமே? திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரம் இதற்கு இடம் தருவதில்லை. வாங்கித் தின்ன ஆளிருப்பதால்தான் விற்க ஆளிருக்கிறது என்று அது பொறுப்பைத் தின்பவனிடமே கொண்டுவந்து நிறுத்துகிறது. இதைக் கொழுப்புக்குப் பொருத்திப் பார்த்தால், தெரியாது என்ற அரசின் பதில் எவ்வளவு மோசமானது என்பது விளங்கும். ஒப்பந்தக்காரரிடம் ஒரு வரி கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்காமல் இருந்ததால் வந்த அறியாமை அது. செய்துகொடுப்பவன் கேட்க மறுத்த கேள்வியின் சுமையை, வாயில் வைப்பவன் சுமக்கவேண்டியதாயிற்று.

எதிர்வாதங்களில் மிகப் பழையது, கிளர்ந்தெழுந்த சிப்பாய்கள் பிறகு அதே தோட்டாக்களை ஆங்கிலேயர்மீதே சுட்டார்கள் என்பது. ஆங்கிலேய வரலாற்றாசிரியர்கள் இதை விரும்பி எடுத்துக்காட்டினார்கள்: அவ்வளவு தீட்டு என்றால் அப்போது எப்படி இனித்தது? இது தோட்டாவை மட்டும் பார்க்கும் வாதம். உத்தரவின் பேரில், மறுத்தால் விலங்கு பூட்டுவார்கள் என்ற நிலையில், தன்னைச் சாதியிலிருந்தும் மார்க்கத்திலிருந்தும் பிடுங்கவே இது செய்யப்படுகிறது என்று நம்பியபடி கடிப்பது ஒன்று. சமயத்தைக் காக்கப் போர் என்று தானே முடிவெடுத்து, கழுவாயையும் தானே ஏற்றுக்கொண்டு கடிப்பது வேறொன்று. மேலே சொன்ன மரபுகள் எல்லாமே இந்த வேறுபாட்டை அறிந்தவை. இதே வேறுபாடு தலைகீழாகவும் வேலை செய்தது: அம்பாலாப் பயிற்சி முகாமில் இருந்த கூர்க்காக்கள், கிழக்கத்திச் சிப்பாய்களோடு தங்களைச் சேர்த்து எண்ணிவிடக் கூடாது என்று கொழுப்புத் தோட்டாவைத் தாங்களே கேட்டு வாங்கினார்கள். கொழுப்பு அவர்களைத் தீட்டாக்கவில்லை. கேட்டு வாங்கியது அவர்களுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

இதைவிட வலுவான எதிர்வாதம் ஒன்று உண்டு. ஐயத்துக்கு இவ்வளவு மரியாதை கொடுத்தால், எந்த வதந்திக்கும் வீட்டோ அதிகாரம் கிடைத்துவிடுமே? அதே மாதங்களில் கோதுமை மாவில் எலும்புப் பொடி கலந்திருக்கிறது என்று கான்பூரில் பேச்சு பரவி, மலிவாக வந்த மாவு வாங்க ஆளில்லாமல் கிடந்தது. தடுப்பூசியைப் பற்றி நம் காலத்திலும் இதே மாதிரி பேச்சுகள் ஓடின. எல்லா ஐயமும் நியாயமானது என்பது என் வாதம் இல்லை. ஐயம் நியாயமாவதற்கு மூன்று நிபந்தனைகள் வேண்டும். பதில் சொல்லவேண்டியவன் பதில் சொல்ல மறுத்திருக்க வேண்டும் அல்லது முன்பு பொய்த்திருக்க வேண்டும். தவறினால் வரும் இழப்பு ஐயப்படுகிறவனுக்கு மீளாததாக இருக்க வேண்டும். விலகிக்கொள்ள அவனுக்கு வழி இருக்கக் கூடாது. மாவு விஷயத்தில் வேறு மாவு வாங்கலாம். தோட்டா விஷயத்தில் மூன்றும் சேர்ந்து வந்தன. முன்பு நடந்தவை என்று பார்த்தால் வேலூர் தொலைவில் இல்லை. 1806இல் மதராஸ் படையின் புதிய தொப்பியில் தோல் குஞ்சம், நெற்றிக் குறிக்குத் தடை, தாடி மீசைக்கு அளவு. துப்பாக்கியைக் கழற்றிப் பூட்டும் திருகுகருவியைக்கூட, சிலுவை வடிவில் மார்பில் மாட்டவைக்கிறார்கள் என்று சிப்பாய்கள் பேசிக்கொண்டார்கள். ஜூலை 10 விடியுமுன் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழ, நூற்றுக்கு மேற்பட்ட ஐரோப்பியர் கொல்லப்பட்டனர். ஆளுநர் பெண்டிங்கும் தளபதி கிராடக்கும் பதவியிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டனர். ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் ஒப்பந்தக்காரரிடம் கேட்காதவனைச் சிப்பாய் ஏன் நம்ப வேண்டும்?

மூடநம்பிக்கை என்ற சொல்லை இன்னும் விடாதவர்களுக்கு 2016இன் லண்டனைக் காட்டலாம். இங்கிலாந்து வங்கி வெளியிட்ட பிளாஸ்டிக் 5 பவுண்டு நோட்டில் விலங்குக் கொழுப்பின் சிறு தடயம் இருப்பது அந்த ஆண்டு இறுதியில் வெளிவந்தது. பாலிமர் தயாரிப்பில் உதவிக்குச் சேர்க்கும் பொருட்களில் அது இருந்தது. ஏறக்குறைய தோட்டாவில் செய்த அதே வேலை. ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் மனுவில் கையெழுத்திட்டார்கள். சைவ உணவாளர்களும் இந்துக்களும் சமணர்களும் சீக்கியர்களும் அதில் இருந்தார்கள். வங்கி பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது, வந்த 3,554 பதில்களில் 88 சதவீதம் விலங்குப் பொருளுக்கு எதிர்ப்பு. ஆனாலும் 2017 ஆகஸ்டில் வங்கி நோட்டை மாற்றப்போவதில்லை என்று அறிவித்தது. பனை எண்ணெயின் சிக்கலையும் செலவையும் காரணமாகக் காட்டியது. கேட்டவர்கள் தோற்றார்கள். ஆனால் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, ஏன் மாற்றவில்லை என்பதெல்லாம் அவர்கள் கையில் எழுத்தாகக் கிடைத்தது. வேண்டாதவர் நோட்டைத் தொடாமல் அட்டையில் பணம் கட்டலாம். ஒரு கலகமும் நடக்காததற்கு இதைவிடக் காரணம் தேடவேண்டியதில்லை.

கடைசியாக ஒன்று, என் வாதத்துக்கே நெருடலானது. சிப்பாயின் தூய்மை உணர்வு பெரும்பாலும் உயர்சாதித் தூய்மை உணர்வு. வதந்தி பதிவான கதையே அதைச் சொல்கிறது. டம்டம் ஆயுதக் கிடங்கில் வேலை செய்த ஒரு கலாசி, பிராமணச் சிப்பாய் ஒருவரிடம் அவருடைய லோட்டா என்னும் செம்பிலிருந்து தண்ணீர் கேட்டார். உன் சாதி என்ன என்று சிப்பாய் கேட்டார். உங்கள் சாதியே சீக்கிரம் போகப்போகிறது, பசுவும் பன்றியும் தடவிய தோட்டாவைக் கடிக்கப்போகிறீர்களே என்று கலாசி திருப்பிக்கொடுத்தார். 1857 ஜனவரி 22இல் கேப்டன் ரைட் மேலிடத்துக்கு எழுதிய அறிக்கை இது. இங்கே இரண்டு தீட்டுகள் ஒரே ஆளிடம் அடுத்தடுத்து நிற்கின்றன. தன் வாய்க்குள் போவது என்ன என்று கேட்பது தன் உடலைப் பற்றிய உரிமை. அதற்கு மேலே சொன்ன நியாயங்கள் அத்தனையும் பொருந்தும். இன்னொரு மனிதனின் உதடு பட்டால் பாத்திரம் கெடும் என்பது அந்த மனிதனின் உடலைப் பற்றிய தீர்ப்பு. கலாசியிடம் அதற்கு யாரும் சம்மதம் கேட்கவில்லை, அவருக்கு விலகிக்கொள்ளவும் வழியில்லை. கொழுப்பைப் பற்றிச் சிப்பாய்க்கு நான் வைத்த அளவுகோலை எடுத்து லோட்டாவுக்கு வைத்தால், அங்கே கம்பெனியின் இடத்தில் நிற்பவர் சிப்பாய்தான். ரைட்டின் அறிக்கைக்குத் தண்ணீர் மறுத்தது வெறும் முன்கதை. விசாரணை முழுவதும் கொழுப்பைப் பற்றியே நடந்தது.